தஞ்சோங் டாவாயில் ஒரு கோடிச் சேலை

போன ஞாயிற்றுக்கிழமை மகன் எங்களைத் தஞ்சோங் டாவாய்க்குச் சாப்பிடக் கூட்டிப் போனான். மீன் சாப்பாடு. நன்றாகத்தான் இருந்தது. கை கழுவிவிட்டு நான் மட்டும் கருவாட்டுக் கடைப் பக்கம் நடந்தேன். நெத்திலி காயும் வாடையும் படகு டீசல் வாடையும் ஒன்றாக வந்து மூக்கில் ஏறின. அவை தனித்தனியாக வந்தால் எனக்கு ஒன்றுமில்லை. சேர்ந்து வந்தால் அங்கே நிற்க முடியாது. இத்தனை வருஷம் ஆகியும் அப்படித்தான்.

வெயில் பளீரென்று அடித்தது. வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. ஆனால் படகெல்லாம் ஆற்றுக்குள்ளேயே வரிசையாகக் கட்டிக் கிடந்தன.

"ஏம்ப்பா, இவ்ளோ வெயிலடிக்குது, ஒரு போட்டுகூட போகல? லீவா?" என்று பின்னால் வந்த மகன் கேட்டான்.

"காத்து" என்றேன்.

"எங்க காத்து? எல ஆடலயே லா."

அவனைச் சொல்லிக் குற்றமில்லை. ரப்பர் மரத்துக்குக் கீழே பிறந்தவர்களின் பிள்ளை. எங்களுக்கு வானிலை என்றால் மழை. மழை இருக்கிறதா, இல்லையா, அவ்வளவுதான். மழை இல்லாவிட்டால் மரம் வெட்டலாம், அதாவது பட்டையைக் கீறிப் பால் எடுக்கலாம். மழை பெய்தால் பட்டை நனைந்துவிடும், பால் வழிந்து மண்ணில் ஓடிவிடும், வேலை இல்லை. காற்றைப் பற்றி எவனும் கேட்டதில்லை. காற்று வந்தால் இலை கொட்டும். கொட்டினால் என்ன?

எங்கள் எஸ்டேட் செமிலிங் பக்கம். பெரியப்பா அங்கே மண்டோர், ஆட்களை வேலை வாங்குகிறவர். விடியும் முன்னால் பெரட்டுக்கு, பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கிற இடத்துக்கு, எல்லாரும் வந்து நிற்போம். அவர் முதலில் ஜெராய் மலையைப் பார்ப்பார். அப்புறம் பக்கத்து மரத்துப் பட்டையை உள்ளங்கையால் தடவுவார். பிறகு ஒரே வார்த்தை. "வெட்டு இருக்கு." இல்லாவிட்டால், "இன்னிக்கு இல்ல, வீட்டுக்குப் போங்க." யாரும் எதிர்த்துப் பேச மாட்டார்கள். அவர் சொன்னது தப்பாகிப் போனதாக எனக்கு நினைவில்லை. இதை ஏன் சொல்கிறேன் என்றால், அவரைப் பற்றிப் பின்னால் நான் சொல்லப் போவதைக் கேட்டுவிட்டு நீங்கள் அவரைக் குறைவாக நினைக்கக் கூடாது.

எனக்கு ஓர் அக்கா. பெயர் அஞ்சலை. லங்காவித் தீவில் கட்டிக் கொடுத்திருந்தோம். மச்சான் அங்கே ஒரு மலாய்க்காரர் தோட்டத்தில் மரம் வெட்டினார். தீவாவது, கடலாவது, அங்கேயும் அதே மரம், அதே பால். வருஷத்துக்கு ஒரு தடவை தீபாவளிக்கு வருவாள். கப்பலில் கண்ணை மூடிக்கொண்டே வந்ததாகச் சொல்வாள். "நீ ஒரு தடவ வந்து பாரேன்டா, என்னமோ பெரிய ஆம்பள" என்பாள். நான் சிரித்து மழுப்புவேன். நீச்சல் தெரியாது. கிணற்றடியில் குனிந்து வாளி இறக்கவே எனக்குத் தலை சுற்றும்.

அவள் செத்துப்போனதாகச் சேதி, எஸ்டேட் கணக்கெழுதுகிற கிராணி வீட்டுப் போனுக்கு வந்தது. காலையில் நெஞ்சை அடைக்கிறது என்று உட்கார்ந்தவள்தானாம்.

அப்பா அம்மா அப்போதே இல்லை. அக்காவுக்குப் பிறந்த வீடு என்றால் நான்தான். கட்டின வீட்டில் எத்தனை சேலை போட்டாலும், பிறந்த வீட்டுக் கோடி மேலே விழாமல் எங்கள் ஆட்கள் பொம்பளையைத் தூக்க மாட்டார்கள். தூக்கினால் அநாதை என்று அர்த்தம்.

பீடோங்கில் துணிக்கடைக்குப் போனேன். கடைக்காரர் நல்ல மனிதர். "தங்கச்சி கல்யாணமா தம்பி?" என்றார். வாயில் வேறு எதுவும் வரவில்லை. ஆமாம் என்று தலையாட்டினேன். "பொண்ணு என்ன நெறம்?" என்றார். "மாநெறம்" என்றேன். அப்போ அரக்கு எடுப்பாக இருக்கும் என்று அவரே எடுத்து விரித்து, தன் தோளில் போட்டுக் காட்டினார். எடுப்பாகத்தான் இருந்தது.

குவாலா கெடாவில் கப்பல் ஓடவில்லை என்று சொல்லிவிட்டார்கள். கடல் சரியில்லையாம். எனக்கு ஒரு வழி தெரிந்தது. நான் அப்போது எஸ்டேட் வேலையை விட்டுக் கருவாட்டு லாரியில் கெலிண்டானாக இருந்தேன். டிரைவர் ஓட்டுவார், நான் மூட்டை ஏற்றி இறக்குவேன். தஞ்சோங் டாவாயில் ஏற்றி அலோர் ஸ்டார், ஜித்ரா கடைகளில் இறக்குவோம். அப்படிப் பழக்கமானவர் பாக் தாம். படகுக்காரர். கறுத்த ஆள், பல்லெல்லாம் புகையிலைக் கறை. பெரியப்பாவையும் கூட்டிக்கொண்டு அவரிடம் போய் நின்றேன்.

மலாயில் சொன்னேன். அக்கா இறந்துவிட்டாள். நாங்கள் போகாமல் எடுக்க மாட்டார்கள். நான் நெஞ்சோடு அணைத்து வைத்திருந்த பொட்டலத்தைப் பார்த்தார். அது என்ன என்று கேட்கவில்லை. ஆற்று வாய்ப் பக்கம் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ஈனி ஹாரி தா போலே" என்றார். இன்று முடியாது.

நாளைக்கு என்றேன். கையை மல்லாத்தினார்.

கருவாட்டுக் கொட்டகை சிங்க் தகரக் கூரைக்குக் கீழே உட்கார்ந்தோம். அந்த வாடை அங்கேதான் எனக்குள் ஏறியது. பக்கத்தில் ஒரு சீன முதலாளியின் கடை, தவுக்கே என்று கூப்பிடுவோம். அவரிடம் போன் இருந்தது. மச்சான் வீட்டுக்குப் பக்கத்துக் கடை நம்பரைச் சுழற்றினோம். ஆளனுப்பி மச்சானைக் கூப்பிட்டார்கள்.

"ஐஸ்கட்டி வாங்கிப் போட்டிருக்கோம்" என்றார் மச்சான். "நாளைக்கு மத்தியானம் வரைக்கும் வெச்சுப் பாக்கறோம். அதுக்கு மேல முடியாது. பிள்ளைங்க பயப்படுதுங்க."

"வந்துருவோம் மாப்ளே" என்றார் பெரியப்பா. "கோடி இல்லாம தூக்கிடாதீங்க."

"நீங்க வராம நான் எப்படித் தூக்குவேன்?"

இரவு எப்படியோ கழிந்தது. பாக் தாம் மனைவி சோறு அனுப்பினார். அப்படியே மூடி வைத்தோம்.

விடிந்தபோது வானம் கழுவிவிட்டது போல இருந்தது. ஜெராய் உச்சியில் மேகம் இல்லை. பெரியப்பா எழுந்தார். மலையைப் பார்த்தார். கொட்டகையை ஒட்டி ஒரு தென்னை மரம். அதைப் போய் உள்ளங்கையால் தடவினார். எனக்கு அந்த நிலைமையிலும் சிரிப்பு வந்தது.

"வெட்டு இருக்கு" என்றார். சொன்ன பிறகுதான் எங்கே நிற்கிறோம் என்று அவருக்கு உறைத்தது. "வாடா, அந்தாள எழுப்பு."

பாக் தாம் எழுந்துதான் இருந்தார். படகு ஓரமாக உட்கார்ந்து சுருட்டுப் பிடித்துக்கொண்டிருந்தார். பெரியப்பா வானத்தைக் காட்டினார். சந்தையில் கற்ற மலாயில், மழை இல்லை, நல்ல நாள், கிளம்பு என்றார். பாக் தாம் தலையை ஆட்டினார். வாருங்கள் என்று எங்களை ஆற்று வாய் முனைக்குக் கூட்டிப் போனார்.

அங்கே நின்றால்தான் தெரிந்தது. வெயிலில் கடல் மினுங்கியது, ஆனால் மணல்மேட்டுக்கு அப்பால் குறுக்கே வெள்ளை வெள்ளையாகக் கோடுகள். ஒன்று எழும், விழும், அதற்குப் பின்னால் அடுத்தது. சத்தம் கொஞ்சம் தாமதித்து வந்தது, லாரி கதவை அறைந்து மூடுகிற மாதிரி. முனையில் நின்ற எங்கள் சட்டை படபடவென்று அடித்தது.

"பூத்தே" என்றார் பாக் தாம். அந்த வெள்ளை அடங்க வேண்டும் என்றார்.

"நொரைதானடா" என்றார் பெரியப்பா என்னிடம். "வானத்துல ஒண்ணுமில்ல. மழையே இல்லாதப்ப என்ன பயம் இவனுக்கு? கடல்லயே பொறந்தவனாம். பயந்தாங்கொள்ளிப் பய."

"அப்பா டியா காத்தா?" என்று பாக் தாம் என்னிடம் கேட்டார். என்ன சொல்கிறார்?

"காத்திருக்கிறோம் என்கிறார்" என்றேன் மலாயில்.

பாக் தாம் பெரியப்பா முகத்தைப் பார்த்தார். அவருக்குப் புரிந்திருக்கும். கோபத்துக்கு மொழி வேண்டியதில்லை. "எனக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள்" என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார்.

உட்கார்ந்தோம். வெயில் ஏறியது. பெரியப்பா அரைமணிக்கொரு தரம் எழுந்து போய் வானத்தைப் பார்த்துவிட்டு வந்து, "ஒரு பொட்டு மேகம் இல்லடா, ஒரு பொட்டு இல்லடா" என்றார். வேறு இரண்டு படகுக்காரர்களிடமும் கேட்டுப் பார்த்தார். யாரும் வரவில்லை. வலைத் தட்டியில் காய்ந்த நெத்திலியை ஒரு கிழவி புரட்டிக்கொண்டே இருந்தாள். நான் மடியில் பொட்டலத்தை வைத்துக்கொண்டு ஐஸ்கட்டியை நினைத்துக்கொண்டிருந்தேன். எவ்வளவு கரைந்திருக்கும். தண்ணீர் எங்கே ஓடும். வாசல்படியில் சாக்கு போட்டிருப்பார்களா. மனசு இப்படித்தான் எதையாவது பிடித்துக்கொள்ளும். அவள் முகத்தை நினைக்க விடாது.

மத்தியானம் நெருங்கும்போது பெரியப்பா பார்த்துப் பார்த்துப் பெருமைப்பட்ட அந்த வானம் மேற்கே கறுத்தது. சீக்கிரமே ஜெராய் மலை காணாமல் போனது. முதல் துளி சிங்க் கூரையில் கல் மாதிரி விழுந்தது. அப்புறம் கொட்டியது. எதிரே இருக்கிற படகு தெரியவில்லை. கிழவி நெத்திலியை வாரிக்கொண்டு ஓடினாள்.

பெரியப்பா முகம் செத்துப்போனது. இரண்டு நாளும் நிமிர்ந்தே இருந்த மனிதர், தோள் இறங்கி நின்றார்.

"முடிஞ்சுது" என்றார்.

மழையில் நனைந்துகொண்டே தவுக்கே கடைக்கு நடந்தார். நான் பின்னால் ஓடினேன். அவரே போனைச் சுழற்றினார். மச்சான் வந்தார்.

"மாப்ளே, மழ புடிச்சுக்கிச்சு. இனி இன்னிக்கு இல்ல. நீங்க காத்துக்கிட்டு இருக்க வேணாம்... ஆமா... இல்ல, வேற வழியில்ல. தூக்கிடுங்க."

பெரட்டில் சொல்கிற அதே குரல். சொல்லிவிட்டு வைத்துவிட்டார். நான் தடுக்கவில்லை. எனக்கும் அப்படித்தான் தோன்றியது. மழை பெய்தால் வீட்டுக்குப் போவது. பிறந்ததிலிருந்து அதுதான் தெரியும்.

கடை வாசலில் பாக் தாம் வந்து நின்றார். தலையிலிருந்து தண்ணீர் ஓடுகிறது, கையில் எண்ணெய் டின். எங்களைக் கொட்டகையில் தேடிவிட்டு வந்திருக்கிறார்.

"ஜோம்! செப்பாட்! அஙின் டா மாத்தி!"

கிளம்பு, சீக்கிரம், காற்று செத்துவிட்டது. ஒவ்வொரு வார்த்தையும் புரிந்தது. சேர்த்துத்தான் புரியவில்லை. உள்ளங்கையைக் கீழே அழுத்தி, மழை அலையை அமுக்கிவிடும் என்று காட்டினார்.

"என்னடா சொல்றான்?" என்றார் பெரியப்பா.

"போலாங்கிறாரு."

"மழையிலயா?"

"மழைனாலதான் பெரியப்பா. காத்து விழுந்துருச்சாம். மழை அலையை அமுக்கிடுமாம்."

பெரியப்பா போனைப் பார்த்தார். போனையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் பாய்ந்து எடுத்துச் சுழற்றினேன். இரைச்சல். மறுபடி சுழற்றினேன். இரைச்சல்தான். மழைக்கு லைன் போய்விட்டது. தவுக்கே என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். "லு போ லா. நான் அடிச்சிட்டே இருக்கேன். கெடச்சா சொல்றேன், தூக்காதேன்னு சொல்றேன்." தமிழும் மலாயும் கலந்து அவர் பேசுகிற பேச்சு. அவர் முகம் இப்போதும் எனக்குத் தெரியும்.

சேலையைப் பிளாஸ்டிக் பையில் சுற்றிச் சட்டைக்குள் விட்டு, மேலே கயிறு கட்டிக்கொண்டேன். மணல்மேட்டைத் தாண்டும்போது கண்ணை மூடினேன். படகு மேலே போனது, கீழே போனது. கண்ணைத் திறந்தபோது வெள்ளைக் கோடு ஒன்றுகூட இல்லை. சாம்பல் நிறத்தில் தட்டையாக, தட்டில் ஊற்றி உறைய வைத்த ரப்பர் பால் மாதிரி கடல். மேலே மழை குத்திக்கொண்டே இருந்தது. அடியில் மட்டும் பெரிய மூச்சு மாதிரி ஏறி இறங்கியது. எனக்கு அது போதும். உள்ளே இருந்ததெல்லாம் வெளியே வந்தது. பாக் தாம் என் கழுத்துப்பட்டையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறு கையால் படகைச் செலுத்தினார்.

"உஜான் ஜாஙான் பெர்ஹெந்தி" என்றார் ஒரு தடவை. மழை நிற்கக் கூடாது. நின்றால் காற்று திரும்பும்.

நான் பெரியப்பாவிடம் சொன்னேன். அவர் பலகையை இரண்டு கையாலும் பிடித்தபடி மேலே பார்த்தார். வாழ்நாள் முழுக்க மழையே, நின்றுவிடு, எங்கள் கூலியைக் கெடுக்காதே என்று வேண்டின மனிதர். உதடு அசைந்தது. என்ன வேண்டினார் என்று நான் கேட்கவில்லை.

பீடான் தீவு இடப்பக்கம் நிழலாகப் போனது. அதற்கப்புறம் எதுவும் தெரியவில்லை. எவ்வளவு நேரம் என்று சொல்ல முடியாது. பிற்பாடு மழை மெலிந்தது. கன்னத்தில் காற்று பட்டது. பாக் தாம் எழுந்து நின்றுகொண்டார். படகு மூக்கு தூக்கிற்று, விழுந்தது. தண்ணீர் உள்ளே வந்தது. பெரியப்பாவும் நானும் டின்னால் மொண்டு மொண்டு ஊற்றினோம். கை ஓய்ந்து, இனி முடியாது என்கிறபோது தீவு மலைகள் முன்னால் நின்றன. அதன் மறைவுக்குள் நுழைந்ததும் கடல் அடங்கிவிட்டது. பாக் தாம் உட்கார்ந்தார். நனைந்த சுருட்டை எடுத்துப் பார்த்துவிட்டுக் கடலில் எறிந்தார்.

துறையிலிருந்து ஒரு வேன்காரர் ஏற்றிப் போனார். மச்சான் வீட்டுக்கு முன்னால் இறங்கினேன்.

பொம்பளைகள் வீட்டைக் கழுவிவிட்டுக்கொண்டிருந்தார்கள். வாசல்படி வழியாகத் தண்ணீர் மஞ்சளாக ஓடிக்கொண்டிருந்தது.

அதற்குமேல் யாரும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். சட்டைக்குள் பொட்டலம் உடம்புச் சூட்டில் இருந்தது.

சுடுகாட்டுக்குப் போனவர்கள் திரும்பி வந்தார்கள். மச்சான் மொட்டைத் தலையோடு வந்தார். எங்களைப் பார்த்து நின்றார். "போன் வந்துச்சே" என்றார். "நீங்கதானே மாமா சொன்னீங்க, தூக்கச் சொல்லி." கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருக்கலாம். பெரியப்பா அப்படியே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார்.

கழுவிக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் துடைப்பத்தைப் போட்டுவிட்டு என்னிடம் வந்தார். எனக்கு ஆள் தெரியவில்லை.

"நீ அஞ்சலை தம்பிதானே? நான் ராசம்மா. ஒங்க எஸ்டேட்டுதான்டா. கீழ் லயத்து வரிசை வீடு, மூங்கில் பக்கம். நீ அப்ப சட்டகூட போடாம திரிவ."

அவர் அங்கே இருப்பதே எனக்குத் தெரியாது. நான் சின்னவனாக இருக்கும்போதே ஒரு லாரிக்காரரைக் கட்டிக்கொண்டு போனவர். வீட்டில் சேர்க்கவில்லை என்று பேசிக்கொள்வார்கள்.

"ஒங்க பெரியப்பா போன் வந்தப்புறம், கோடி இல்லாம எப்படித் தூக்கறதுன்னு இங்க ஒரே சண்ட" என்றார். "நான் இருக்கேன்னேன். அதே எஸ்டேட்டு, அதே தண்ணி குடிச்சவதானே. தீவாளிக்கு எடுத்து வெச்சிருந்த சேல, உடுத்தாதது. நான்தான் போட்டேன், ஒம் பேரச் சொல்லி. தப்பாப் போச்சாடா தம்பி?"

"இல்லக்கா" என்றேன்.

பொட்டலத்தை வெளியே எடுத்தேன். எவ்வளவு சுற்றியும் ஒரு ஓரம் நனைந்துதான் இருந்தது. மச்சான் சொந்தத்தில் ஒரு கிழவர், "எழவுக்கு எடுத்தத திருப்பிக் கொண்டுபோகக் கூடாது, கடல்ல விட்டுருங்க" என்றார்.

"கடலுக்கு எதுக்கு சேல?" என்றார் ராசம்மா அக்கா. "இங்க குடு."

"செத்தவளுக்கு எடுத்ததும்மா அது."

"அவதான் கட்டலயே. எனக்குப் பொறந்த வீட்டுலேருந்து ஒரு துண்டுத் துணி வந்ததில்ல. குடுடா."

கொடுத்தேன். விரித்துப் பார்த்தார். நல்ல அரக்கு என்றார். நனைந்த ஓரத்தைப் பிழிந்துவிட்டு, எழவு வீட்டுக் கொடியிலேயே காயப் போட்டார்.

அதற்கப்புறம் அவர் எனக்கு அக்காதான். ஒவ்வொரு தீபாவளிக்கும் சேலை அனுப்புவேன். அவர் எனக்குக் கருவாடு அனுப்புவார், கருவாட்டு லாரியில் வேலை பார்க்கிறவனுக்கு. பெரியப்பா பெரட்டில் பழையபடி மலையைப் பார்த்தார், பட்டையைத் தடவினார். ஆனால் ஒரு நொடி நிறுத்தித்தான் சொல்வார்.

பிறகு எஸ்டேட்டை விற்றார்கள். மரத்தை வெட்டி எண்ணெய்க்குச் செம்பனை வைத்தார்கள், அதையும் எடுத்துவிட்டு வீடு கட்டினார்கள். கீழ் லயம் எங்கே இருந்தது என்று இப்போது என்னால் காட்ட முடியாது. ஆட்கள் சுங்கை பட்டாணி, பினாங்கு, ஜொகூர் என்று போய்விட்டார்கள். ராசம்மா அக்காவை மகள் சிலாங்கூருக்குக் கூட்டிப் போனாள். போன் நம்பர் மாறியது. சேலை அனுப்ப விலாசம் இல்லை.

இரண்டு வருஷம் முன்னால் ஜித்ராவில் ஒரு கல்யாணம். பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்த பையன் ராசம்மா அக்காவுக்குத் தூரத்துச் சொந்தம் என்று பேச்சில் தெரிந்தது. எப்படி இருக்கிறார் என்று கேட்டேன்.

"அவங்க தவறி மூணு மாசமாச்சே அண்ணே. ஒங்களுக்குத் தெரியாதா?"

"பொறந்த வீட்டுக் கோடி யார் போட்டாங்க?" என்று கேட்டேன்.

அவன் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே யோசித்தான். "யாரும் கொண்டாரல அண்ணே. இப்பல்லாம் அந்தச் சாவுக் கம்பெனிக்காரனே கொண்டாந்துருவான். வண்டி, மாலை, பெட்டி, கோடித் துணி, எல்லாம் பேக்கேஜ்லயே வந்துரும்."

பாயசம் ஊற்ற வந்தார்கள். நான் இலையை மடித்துவிட்டு எழுந்தேன்.